ஐந்நூற்று அறுபத்தொரு வரிகள்

பழி வாங்குவது பாவம் என்று சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பாதிப் பேர் பழி வாங்க வக்கில்லாதவர்கள். நானும் அந்த ரகம்தான். அதனாலேயே பரிபூரணத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை துறுதுறுக்கிறது.

என் பெயர் கண்ணுச்சாமி. ஸ்ரீவில்லிபுத்தூர் கீழ ரத வீதியில் ஸ்டெபிலைசர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். 1992இல் என் கடைக்கு அடுத்த சின்ன அறையை வ. புதுப்பட்டிக்காரி பரிபூரணம் வாடகைக்குப் பிடித்து, பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். கல்யாணப் பத்திரிகை, காலேஜ் புராஜெக்ட், ரேஷன் கடைப் பட்டியல் என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்பாள். முப்பது வயதிருக்கும், ஒற்றை நாடி உடம்பு. பேச்சும் உடம்பைப் போலத்தான், தேவைக்கு மேல் ஒரு சொல் இருக்காது. ஆனால் யாராவது, "கம்ப்யூட்டர் தப்புப் பண்ணிட்டு போல" என்று சொல்லிவிட்டால் போச்சு.

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது. பண்ணுனது யாருன்னு பேரைச் சொல்லுங்க" என்பாள். வந்தவர் பயந்துபோய் என்னைப் பார்ப்பார்.

அவளிடம் இன்னொரு கிறுக்கும் இருந்தது. பிரிண்டருக்கு ரிப்பன் வாங்க ராஜபாளையம் போனால் அரை மணி நேரப் பயணம். அவள் மதுரைக்குப் போவாள். ஏன் என்று கேட்டதற்கு முதல் இரண்டு வருடம் பதில் வரவில்லை. மூன்றாம் வருடம் ஒரு மழை நாளில், கரண்டும் இல்லாமல் ஆளும் வராமல் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தபோது சொன்னாள்.

அவள் 1988இலிருந்து மூன்று வருடம் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்திருக்கிறாள். மில்லின் பெயர் வேண்டாம். அந்த ஊரில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு மில் சுவரில்தான் போய் விழும். தற்காலிகத் தொழிலாளர்களின் வருகையைப் பதிவது அவள் வேலை. ஒரு ஆள் ஒரு நாள் வந்தால் ஒரு வரி. டோக்கன் நம்பர், தேதி, ஷிப்ட். கம்ப்யூட்டர் வந்த தைரியத்தில் மில்லில் வருகை அட்டைகளையெல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டார்கள். ஆக, யார் எத்தனை நாள் வேலை பார்த்தார்கள் என்பதற்கு அந்தக் கோப்பு ஒன்றுதான் சாட்சி.

அந்த எண்ணிக்கை சாதாரண விஷயமில்லை. இரண்டு வருடத்துக்குள் நானூற்று எண்பது நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது சட்டம். 1991 ஆடியில் நூல் சுற்றுகிற வைண்டிங் பிரிவில் பதினோரு பெண்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். அதில் ஒருத்தி பரிபூரணத்தின் கூடப்பிறந்த அக்கா கிருபாபாய். டோக்கன் நம்பர் 417.

மில்லின் லேபர் ஆபீசர் காசிராஜன். இஸ்திரி கலையாத சட்டைக்காரர். அவர் போட்ட சட்டம் ஒன்று அந்த மில்லில் பிரசித்தம். ரிஜிஸ்தரில் எதையாவது நீக்க வேண்டுமென்றால் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் உத்தரவு கொடுத்தவரின் இனிஷியலும் தேதியும் எழுத வேண்டும். தாளைக் கிழித்தாலும் ரப்பர் வைத்து அழித்தாலும் வேலை போய்விடும். அந்தப் பழக்கத்தில், பரிபூரணம் கம்ப்யூட்டரிலும் ஒவ்வொரு வரிக்கும் கடைசியில் இனிஷியலுக்கும் தேதிக்கும் ஒரு கட்டம் வைத்திருந்தாள். காசிராஜன் அதைப் பார்த்து, "கெட்டிக்காரப் பிள்ளை" என்றாராம்.

ஆகஸ்ட் பதினாலாம் தேதி அந்தக் கெட்டிக்காரப் பிள்ளையிடம் அவர் ஒரு தாளை நீட்டினார். பதினோரு நம்பர்கள், ஒவ்வொன்றுக்கும் ஐம்பத்தொரு தேதிகள். "ரெண்டு தடவை பதிவாயிருக்கு. இதுகளை எடுத்திரும்மா" என்றார். அவள் எடுத்தாள். ஐந்நூற்று அறுபத்தொரு வரிகள் நீக்கப்பட்டன என்று திரையில் வந்தது.

அடுத்த மாதம் பதினோரு பெண்களும் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள். காசிராஜன் வெளியே வந்தார். "கம்ப்யூட்டர்ல நானூத்தி முப்பத்திச் சொச்சந்தான் இருக்கு" என்றார். பெண்கள் சத்தம் போட்டதும், பரிபூரணத்தைக் கூப்பிட்டு எல்லார் முன்னிலையிலும் நிறுத்தினார். "இந்தப் பிள்ளை கவனமில்லாம அடிச்சிருக்கு. அதுக்கு நான் என்ன செய்ய? இன்னையோட இதை வேலையை விட்டு நிறுத்திட்டேன், போதுமா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் சுடலையம்மாள் என்கிற பெண் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி அவள் தலையில் தூற்றினாள். எங்கள் பக்கத்தில் மண்ணை வாரித் தூற்றுவது சும்மா கோபத்துக்குச் செய்கிற காரியமில்லை. நீ விளங்கமாட்டாய், உன் வம்சம் விளங்காது என்று அர்த்தம். கிருபாபாய் மண் அள்ளவில்லை. தங்கச்சியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள். அன்றோடு பேச்சு நின்றது. ஒரே வீடு, நடுவில் ஒரு சுவர், ஞாயிற்றுக்கிழமை ஒரே கோயில். பேச்சு மட்டும் கிடையாது.

"நம்பரும் தேதியுந்தான் அண்ணாச்சி இருந்துச்சு. பேரு இல்ல" என்றாள் என்னிடம். நான் நம்பினேன்.

அப்புறம் சொன்னதுதான் முக்கியம். அந்தக் காலத்து டிபேஸ் புரோகிராமின் கோப்பில் ஒரு வரியை நீக்கினால் அது போய்விடாது. தலையில் ஒரு நட்சத்திரக் குறி விழும், கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான். அடியோடு தொலைய வேண்டுமென்றால் 'பேக்' என்று தனியாக ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். மில்லின் வழக்கம்தான் கோடு போடு, கிழிக்காதே என்பதாயிற்றே. அவள் பேக் கொடுக்கவில்லை. வழக்கப்படி ஐந்நூற்று அறுபத்தொரு வரிகளிலும் காசிராஜனின் இனிஷியலையும் தேதியையும் போட்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறாள். அழித்தது என்றால் எரித்தது என்றே காசிராஜன் நினைத்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரைத் தொட்டாலே ஷாக் அடிக்கும் என்று நினைக்கிற தலைமுறை அது.

"இன்னும் இருக்குமா?" என்றேன்.

"எனக்குப் பொறவு வந்தவன் எவனாவது பேக் குடுத்திருந்தா போச்சு. குடுக்கலேன்னா இருக்கும். அதை நெனச்சிக்கிட்டேதான் தூங்கப் போறேன், அதை நெனச்சிக்கிட்டேதான் எந்திரிக்கேன்."

இப்படி ஒரு ஆள் ஆறு வருடம் இருக்க முடியுமா என்று கேட்பவர்கள் அவளை வந்து பார்த்திருக்க வேண்டும்.

அந்தப் பெண்களும் சும்மா இருக்கவில்லை. மனு மேல் மனுவாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். காசிராஜனோ 91க்குப் பிறகு உஷாராகிவிட்டார். யாருக்காவது நாள் கூடுகிறது என்றால் இரண்டு மாதம் வீட்டில் உட்காரவைத்து, திரும்பப் புது ஆளாகச் சேர்ப்பார். ஆகவே அந்தப் பழைய இரண்டு வருடம் ஒன்றுதான் அவர்களுக்குப் பிடிமானம். 1997 ஜூனில் ஒருவழியாகத் தொழிலாளர் துறை ஆய்வாளரிடமிருந்து மில்லுக்குக் கடிதம் வந்தது. 89 முதல் 91 வரையிலான வருகைப் பதிவை ஜூலை பத்தாம் தேதி வியாழக்கிழமை நேரில் வந்து பார்ப்பேன், மனுதாரர்களும் இருக்க வேண்டும் என்று.

காசிராஜனுக்குச் சந்தோஷம்தான். பதிவு அவர் பக்கம் அல்லவா? ஆனால் பதிவு திறக்கவில்லை. பழைய மெஷின் பிப்ரவரியிலேயே செத்துப்போயிருந்தது. கோப்புகளைப் புது பென்டியத்துக்கு மாற்றி, மதுரைக் கம்பெனி ஒன்று விண்டோஸில் ஓடுகிற புதுப் புரோகிராமும் போட்டுக் கொடுத்திருந்தது. பழைய கோப்பைத் தொட்டால் மட்டும் டிரைவர் சரியில்லை என்று திரையில் ஒரு பெட்டி வந்து நிற்கும். மதுரைப் பையன்கள் மூன்று முறை வந்து, டீ குடித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் அவர்களில் ஒருவன், "இதை எழுதுனவங்களையே கூப்பிடுங்க சார்" என்று சொல்லிவிட்டான்.

அப்படித்தான் காசிராஜன் எங்கள் தெருவுக்குக் காரில் வந்து இறங்கினார். கையில் பால்கோவாப் பொட்டலம். ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை வைத்திருப்பவளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே வாங்கின பால்கோவா. அந்த மூளைக்கு அவ்வளவுதான் எட்டும்.

"பழசையெல்லாம் மனசுல வச்சிக்கிடாதம்மா" என்றார்.

"நான் எதையும் வைக்கல சார். எல்லாம் கோப்புலதான் இருக்கும்" என்றாள். அவருக்குப் புரியவில்லை, சிரித்தார்.

கூலி பற்றி அவள் பேச்சே எடுக்கவில்லை. மூன்று நாள், காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை, அதே ஆபீஸில் உட்கார்ந்து செய்வேன், கரண்டு பார்க்க எங்க அண்ணாச்சியும் வருவார் என்றாள். அவர் போன பிறகு என்னிடம் சொன்னாள்: "மெஷினு புகைஞ்சா என் தலையிலதான் போடுவாரு. நீங்க பக்கத்துல இருங்க." ஸ்டெபிலைசரைத் தூக்கிக்கொண்டு நானும் கிளம்பினேன். ஆறு வருடத்தில் முதல் முறையாக அவள் ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினாள்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் டிரைவரோடு மல்லுக்கட்டுத்தான். எனக்கு விளங்கும்படி அவள் சொன்னது இது. ராஜபாளையத்தில் சில முதலாளிகள் வீட்டில் தெலுங்கு, வேலையாட்கள் வீட்டில் தமிழ். நடுவில் ஒரு மேஸ்திரி நின்று இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் சொல்வார். பழைய கோப்புக்கும் புது மெஷினுக்கும் நடுவே நிற்கிற அந்த மேஸ்திரிதான் டிரைவர். மதுரைப் பையன்கள் பழைய விண்டோஸில் இருந்த பதினாறு பிட் டிரைவரை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து போட்டிருந்தார்கள். புதுப் புரோகிராமோ முப்பத்திரண்டு பிட் ஆளைத் தேடியது. ஆள் நிற்கிறான், ஆனால் அவன் பேசுவது இதற்குப் புரியவில்லை. அவள் பழையதைத் தடம் தெரியாமல் எடுத்துவிட்டு, தன் பையிலிருந்த பிளாப்பிகளை ஒவ்வொன்றாகச் செருகிப் புதியதைப் போட்டாள்.

கோப்பு அப்போதும் திறக்கவில்லை. கூடவே இருந்த பழைய இன்டெக்ஸ் கோப்பை, அதாவது எந்த வரி எங்கே இருக்கிறது என்கிற பட்டியலை, புது டிரைவரால் படிக்க முடியவில்லை. அதைத் தனியே ஒதுக்கி, புதிதாக ஒன்றைக் கட்ட வைத்தாள். புதன்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்குத் திரை நிறைய வரிகள் வந்து விழுந்தன. முதல் வரியே 1989 ஆகஸ்ட் ஒன்று.

காசிராஜன் அப்போது சாப்பிடப் போயிருந்தார். அவள் மொத்த வரிகளை எண்ணச் சொன்னாள். 28,304 என்று வந்தது. பிறகு டிரைவரின் அமைப்பைத் திறந்தாள். அதில் ஒரு சின்னக் கட்டம். நீக்கிய வரிகளையும் காட்டவா என்று கேட்கிற கட்டம். பழைய மேஸ்திரி விழுங்கிக்கொண்டிருந்த பேச்சைப் புது மேஸ்திரி சொல்லவா என்று கேட்டான். டிக் செய்தாள். மறுபடி எண்ணச் சொன்னாள்.

28,865.

நான் காகிதத்தில் கழித்துப் பார்ப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "ஐநூத்தி அறுவத்தொண்ணு. அம்புட்டும் இருக்கு அண்ணாச்சி." சொல்லிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். நான் அவளிடத்தில் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே கத்திக் காரியத்தைக் கெடுத்திருப்பேன்.

காசிராஜன் ஏப்பம் விட்டுக்கொண்டே வந்தார். அவள் எழுந்து நின்றாள்.

"கோப்பு திறந்திருச்சு சார். உள்ள இருக்கிற வரி அம்புட்டும் வாற மாதிரி வச்சிருக்கேன். சரிதான?"

"பின்ன? ஒரு வரி கொறைஞ்சாலும் அந்த ஆளு கேள்வி கேப்பாரு. அம்புட்டும் வரணும்."

"அப்ப வழக்கப்படி எழுதிக் குடுத்திருங்க சார்."

காசிராஜனுக்குத் தன் சட்டத்தைத் தனக்கே ஒருத்தி ஞாபகப்படுத்தியதில் பெருமைதான். கோப்பில் உள்ள எல்லா வரிகளையும் அச்சிடவும் என்று எழுதி, இனிஷியல் போட்டு, தேதியும் போட்டுக் கொடுத்தார். அவள் அதை நாலாக மடித்து பைபிளுக்குள் வைத்தாள். தன் குழியைத் தானே வெட்டி, அளவும் சொன்ன மனிதரை நான் அன்றுதான் நேரில் பார்த்தேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு ஆய்வாளர் வந்தார். நரைத்த தலை, அவசரமில்லாத ஆள். பதினோரு பெண்களும் சுவரோரம் நின்றார்கள். பரிபூரணம் உள்ளே உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் சுடலையம்மாள், "இவளா? அப்ப வெளங்குனாப்லதான்" என்றாள். கிருபாபாய் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"417லிருந்து ஆரம்பிங்க" என்றார் ஆய்வாளர், மனுவில் முதல் பெயர் அதுதான் என்பதால்.

பிரிண்டர் கீச்சென்று இழுக்க ஆரம்பித்தது. தாள் மடிந்து மடிந்து தரையில் விழுந்தது. முடிந்ததும் ஆய்வாளர் எடுத்து, கடைசியில் இருந்த மொத்தத்தைப் பார்த்தார்.

"நானூற்று எண்பத்து மூணு" என்றார்.

காசிராஜன், "இருக்காது சார், நானூத்தி முப்பத்திரெண்டு" என்றார்.

"நீங்க சொல்றது எனக்கு வேண்டாம். தாள்ல எண்பத்து மூணு இருக்கு." அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விரலால் வரிகளைத் தடவினார். "சில வரியில மட்டும் கடைசியில கே.ஆர்.னு போட்டு 14-8-91னு இருக்கே. யாரு கே.ஆர்.?"

காசிராஜனின் முகத்தை நான் சாவகாசமாகப் பார்த்தேன். மூன்று நாள் கடையை அடைத்துவிட்டு வந்ததற்கு அது போதும்.

"டிரைவர் கோளாறு சார். புது மெஷின்" என்றார்.

பரிபூரணம் எழுந்தாள். "டிரைவருக்கு இருக்கிறதைச் சொல்லத்தான் தெரியும் சார். இல்லாததைச் சேக்கத் தெரியாது. இந்த வரியெல்லாம் இவியளுக்கு நாள் கூடிரக் கூடாதுன்னு நீக்கச் சொன்னது. நீக்கச் சொன்னவுக இனிஷியல் போடணும்கிறது இந்த மில்லு வழக்கம்." பைபிளைத் திறந்து முந்தின நாள் தாளை எடுத்து ஆய்வாளரிடம் கொடுத்தாள். "இனிஷியல் ஒத்துப் பாக்கணும்னா இந்தாங்க, இதுலயும் அதே கே.ஆர்.தான்."

ஆய்வாளர் பதினோரு நம்பரையும் அச்சிடச் சொன்னார். பதினோரு பேரும் நானூற்று எண்பதுக்கு மேல். தாள்களை எல்லாம் கட்டி, முத்திரை வைத்து எடுத்துப் போனார். நாலு மாதத்தில் பதினோரு பேருக்கும் நிரந்தர உத்தரவு வந்தது. காசிராஜனை முதலாளி எங்கோ வெளியூர் பஞ்சுக் கிட்டங்கிக்குக் காவல் பார்க்கிற மாதிரி ஒரு வேலைக்கு அனுப்பிவிட்டார். இஸ்திரி போட்ட சட்டையில் பஞ்சு ஒட்டிக்கொண்டு நிற்பதாகக் கேள்வி. நன்றாக ஒட்டட்டும்.

இத்தோடு முடித்திருந்தால் எனக்கு நிம்மதி. ஆனால் அன்று மத்தியானம் மில் வாசலில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும்.

பெண்கள் பரிபூரணத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். சுடலையம்மாள் அவள் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். ஆறு வருடத்துக்கு முன் மண் விழுந்த அதே இடம். பரிபூரணம் முகத்தில் அன்றுதான் முதல் முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். கிருபாபாய் கடைசியாக வந்தாள். மற்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அக்கா தங்கச்சியைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நான்கூட எதிர்பார்த்தேன்.

"ஏட்டி" என்றாள் கிருபாபாய். "அந்தத் தாள்ல பேரு கெடையாது, நம்பருதான்னு சொன்னியாம். 417 என் நம்பருன்னு ஒனக்குத் தெரியாதா?"

பரிபூரணத்தின் சிரிப்பு போய்விட்டது. தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் மனதுக்குள் சொல்லச் சொல்லி மன்றாடினேன்.

"தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சா அடிச்ச?"

"என்னைய நிரந்தரமாக்குற உத்தரவு அவரு மேசையில கெடந்துச்சுக்கா. கையெழுத்துப் போடாம வச்சிருந்தாரு. இதை முடிச்சிட்டு வா, போடுதேன்னாரு."

கிருபாபாய் குனிவாள், மண் அள்ளுவாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. அவள் அள்ளவில்லை.

"அவனைப் பழி வாங்க நீ ஆறு வருசம் காத்துக் கெடந்த" என்றாள். "நீ தெரியாம அடிச்சிட்டேன்னு நெனச்சித்தான் நான் இம்புட்டு நாளும் பேசாம இருந்தேன். தெரிஞ்சே அடிச்சதுக்கு இன்னும் ஒரு ஆறு வருசம். இன்னையிலருந்து எண்ணிக்கோ." சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்தாள்.

அந்த மழை நாளில் என்னிடமும் பாதியைத்தான் சொல்லியிருக்கிறாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பஸ்ஸில் வரும்போது கேட்டேவிட்டேன். "சொல்லிருந்தா நீங்க கூட வந்திருப்பியளா?" என்றாள்.

மறுநாளே தன் கம்ப்யூட்டரில் ஒரு கோப்பு திறந்தாள். ஒரு நாளுக்கு ஒரு வரி. தேதி, பக்கத்தில் அக்கா பேசினாளா என்று ஒரு கட்டம். கடை அடைக்கும் முன் 'இல்லை' என்று அடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். இப்போது 1999 முடியப் போகிறது. அக்கா சொன்ன ஆறு வருடம் முடிய இன்னும் மூன்றரை வருடம் இருக்கிறது.

போன கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பஸ் கண்டக்டர் ஒருவர் ஒரு தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து கடையில் கொடுத்தார். உள்ளே அச்சுமுறுக்கு. புதுப்பட்டியிலிருந்து கிருபாபாய் கொடுத்துவிட்டிருந்தாள். சேதி எதுவும் சொல்லி அனுப்பவில்லை. ஒரே வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவள், அதை பத்து மைல் சுற்றிப் பஸ்ஸில் அனுப்பியிருக்கிறாள்.

பரிபூரணம் எனக்கு ரெண்டு எடுத்துக் கொடுத்துவிட்டு, தூக்குச்சட்டியைப் பார்த்தபடி இருந்தாள். "இது பேச்சுல சேருமா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"சேராம? 'ஆம்'னு அடிம்மா. யாரு வந்து பாக்கப் போறா?"

அவள் கட்டத்துக்குப் போனாள்.

"வேண்டாம். அவ வாயைத் தெறந்து பேசல" என்று சொல்லிவிட்டு, 'இல்லை' என்று அடித்தாள்.